சாஃப்ட்வேர் எழுதப் போகிறவர்களுக்குத் தத்துவம் எதற்கு?

பொறியியல் கல்லூரியில் கணினிப் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியர் கேட்டிருக்கிறார்: “மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குத் தத்துவம் சார்ந்த ஒரு தாள் வைக்கலாமா என்று எங்கள் துறையில் பேச்சு நடக்கிறது. அந்த நேரத்தில் இன்னொரு கணினி மொழி கற்றுக்கொடுத்தால் வேலைக்காவது உதவும். சாஃப்ட்வேர் எழுதப் போகிறவர்களுக்குத் தத்துவம் எதற்கு?”

இதில் இரண்டு கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. தத்துவமாக யோசிக்கும் பழக்கம் இந்த வேலைக்கு உண்மையிலேயே உதவுமா என்பது ஒன்று. உதவும் என்றால் அதைத் தனித் தாளாக வைத்துத்தான் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஆம் என்று உறுதியாகச் சொல்வேன். இரண்டாவதில் எனக்குத் தயக்கம் உண்டு. இருபத்திரண்டு வருடமாக மென்பொருள் எழுதுகிறேன், கடைசி ஒன்பது வருடம் புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன். தத்துவத்தில் பட்டம் எதுவும் வாங்கவில்லை. வேலையில் முட்டிக்கொண்ட இடங்களில்தான் அதைத் தேடிப் படித்தேன். அந்த அளவில் இந்தப் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

தத்துவம் என்றதும் பிளேட்டோவில் தொடங்கி சங்கரர் வரை யார் என்ன சொன்னார் என்ற பட்டியல் நினைவுக்கு வந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். எதை ‘இருக்கிறது’ என்று சொல்கிறோம், எப்போது ‘எனக்குத் தெரியும்’ என்று சொல்லலாம், ‘சரி’ என்றால் எதை வைத்துச் சரி. இந்த மூன்றையும் நிதானமாகக் கேட்டுப் பார்ப்பதைத்தான் இங்கே தத்துவம் என்கிறேன். மென்பொருள் எழுதுகிறவர் இவற்றுக்குத் தினமும் விடை எழுதிக்கொண்டே இருக்கிறார். டேட்டாபேஸில் ஒரு நெடுவரிசை (column) சேர்த்தாலே ஒரு விடை எழுதியாகிவிட்டது. விடை எழுதிவிட்டோம் என்பதே அவருக்குத் தெரியாமல் போவதுதான் சிக்கல்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது வருடம், ஒரு மருத்துவமனைக்கு நோயாளிப் பதிவு மென்பொருள் செய்தோம். நோயாளிகள் பழைய சீட்டைக் கொண்டுவர மறந்துவிடுவார்கள், கவுன்டரில் புதுப் பதிவு போட்டுவிடுவார்கள். இப்படி ஒரே ஆளுக்கு மூன்று நான்கு எண்கள் விழுந்திருந்தன. இரட்டைப் பதிவுகளை இணைத்துக் கொடுங்கள் என்று கேட்டார்கள். பெயர், பிறந்த தேதி, கைபேசி எண் மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று விதி எழுதினேன். அரை நாள் வேலை. எல்லா டெஸ்ட்டும் பாஸ்.

இரண்டு வாரம் கழித்து வார்டிலிருந்து ஒரு செவிலியர் போன் செய்தார். ஒரு அம்மாவுக்குப் பென்சிலின் ஊசி போடப் போயிருக்கிறார். திரையில் ஒவ்வாமை என்ற இடம் காலியாக இருந்தது. ஆனாலும் வழக்கம்போல், “ஊசி ஏதாவது ஒத்துக்காம போயிருக்காம்மா?” என்று கேட்டிருக்கிறார். போன தடவை இதே ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறியதை அந்த அம்மா சொல்லியிருக்கிறார். பதிவில் இருந்தது எங்கே போனது என்று தேடினோம். ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு பெண்கள். இருவருக்கும் பிறந்த தேதி தெரியாது. கவுன்டரில் வயதைக் கேட்டு, வருடத்தைக் கழித்துப் பார்த்து, ஜனவரி 1 என்று போட்டிருக்கிறார்கள். இருவரிடமும் கைபேசி இல்லை, தெருமுனை மளிகைக்கடைக்காரரின் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். என் விதி அவர்களை ஒரே ஆளாக்கிவிட்டது. பின்னால் வந்த பதிவில் காலியாக இருந்த இடம், முன்னால் இருந்த எச்சரிக்கையை அழித்துவிட்டது.

நிரலில், அதாவது கோடில் (code), பிழை இல்லை, நான் எழுதியதை அது அப்படியே செய்தது. ‘இரண்டு குறிப்புகள் எப்போது ஒரே ஆளைக் குறிக்கும்?’ என்ற மிகப் பழைய தத்துவக் கேள்விக்கு நான் அரை நாளில் விடை எழுதியிருக்கிறேன், அது கேள்வி என்பதே தெரியாமல். என் அப்பத்தாவுக்கே பிறந்த தேதி கிடையாது, பெரிய புயல் அடித்த வருஷம் என்றுதான் சொல்வார். ஒரு தெருவுக்கே ஒரு போன் இருந்த காலத்தையும் பார்த்து வளர்ந்தவன் நான். தேவையான அறிவு முழுக்க என்னிடம் இருந்தது. அதைக் கூப்பிட வேண்டிய இடத்தில் நிற்கிறேன் என்று மட்டும் தெரியவில்லை. பிறகு திருத்தினோம். மென்பொருள் ‘ஒரே ஆளாக இருக்கலாம்’ என்று காட்டும், ஒரு மனிதர் நேரில் கேட்டு உறுதி செய்வார். கணக்குப் போட்டுப் பெற்ற பிறந்த தேதிக்குத் தனி அடையாளம் வைத்தோம். ‘ஒவ்வாமை இல்லை’ என்பதையும் ‘இன்னும் கேட்கவில்லை’ என்பதையும் தனித்தனியாகப் பிரித்தோம். இந்தக் கடைசி மாற்றம்தான் என்னை அதிகம் உறுத்தியது. இல்லாததும் தெரியாததும் வேறு வேறு என்பது யாருக்கும் புதிய செய்தி இல்லையே.

அந்த அனுபவத்தை வைத்துத்தான் புதியவர்களுக்கு முதல் வாரமே ஒரு பயிற்சி கொடுத்து வருகிறேன். போர்டில் ‘தமிழ்’ என்று எழுதி, இதில் எத்தனை எழுத்து என்று கேட்பேன். மூன்று என்று எல்லோரும் உடனே சொல்வார்கள். சரி, பைத்தான் என்ற கணினி மொழியில் நீளம் பாருங்கள் என்பேன். 5 வரும். கணினிக்காக எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். அதை யூடிஎஃப்-8 என்ற முறையில் கோப்பாகச் சேமித்தால் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15. அப்புறம் இலக்கணம் படித்த யாராவது ஒருவர் எழுந்து, த் அ ம் இ ழ் என்று பிரித்து, ஒலியாகப் பார்த்தாலும் ஐந்துதான் என்பார். வகுப்பு சந்தோஷப்படும், கணினி சொன்னது இலக்கணத்தோடு பொருந்திவிட்டது என்று. பொருந்தவில்லை. அந்த ஐந்தும் இந்த ஐந்தும் வேறு. இலக்கணத்தில் அகரம் தனியாக எண்ணப்படுகிறது, யூனிகோடில் அது ‘த’வுக்குள்ளேயே இருக்கிறது. யூனிகோடில் புள்ளிக்குத் தனி எண் உண்டு, இலக்கணத்தில் புள்ளி உயிர் இல்லாததைக் காட்டும் குறிதான். யாப்பில் கேட்டால் ‘தமிழ்’ ஒரே ஒரு நிரையசை.

அடுத்து, ஒரு சொல்லைத் திருப்பிப் போடும் நிரல் எழுதச் சொல்வேன். ‘மாலை’யைக் கொடுத்தால் ஐகாரக் குறி முன்னால் வந்து, ஒட்ட எழுத்தில்லாமல் புள்ளிவட்டத்தோடு தொங்கும். அதைத் திரையில் பார்த்ததும் அறையில் சத்தம் அடங்கிவிடும். இரண்டு வருடம் முன்பு ஒரு பெண் எழுந்து, “சார், அப்ப எதுதான் சரி?” என்று கேட்டார். எதற்காக எண்ணுகிறாய் என்று திருப்பிக் கேட்டேன். வட்டில் இடம் ஒதுக்க 15 சரி. கர்சரை நகர்த்த 3 சரி. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தான் எழுதிக்கொண்டிருந்த படிவத்தில் பெயருக்கு 20 எழுத்து வரம்பு வைத்திருப்பதாகவும், அது எந்த எழுத்து என்று தனக்கே தெரியவில்லை என்றும் சொன்னார். அன்று மாலை போய் அதை மாற்றினார். எழுத்து என்பது என்ன என்று தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவே வரையறுத்து, முப்பது என்கிறது. நாம் பள்ளிக்கூடத்தில் 247 என்று படித்தோம். இரண்டும் முரண் இல்லை, எண்ணும் நோக்கம் வேறு. மென்பொருளில் ‘எழுத்து’, ‘குடும்பம்’, ‘முகவரி’, ‘வாடிக்கையாளர்’ என்று வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் இதே கதைதான்.

இரண்டாவது கேள்வி, எப்போது ‘தெரியும்’ என்று சொல்லலாம் என்பது. இதில் நம் சைவ சித்தாந்த அளவை மரபு எனக்கு நேரடியாக உதவியது. அறிவு வரும் வழிகளில் காண்டல், கருதல், உரை மூன்றையும் அது முதன்மையாக வைக்கும். கண்ணால் கண்டது, கண்டதிலிருந்து ஊகித்தது, நம்பத்தக்கவர் சொன்னது. எங்கள் குழுவில் சர்வர் விழுந்தால் நிரப்பும் தாளில் இந்த மூன்று கட்டங்கள்தான் இருக்கும். நடு ராத்திரி போன் வரும்போது எல்லோரும் சொல்வது, “டேட்டாபேஸ் ஸ்லோவா இருக்கு.” அது கருதல். கண்டது என்னவென்றால், ஒரு பக்கம் திறக்க 40 விநாடி ஆனது, அவ்வளவுதான். “நெட்வொர்க் டீம் எதையும் மாத்தலையாம்” என்பது உரை. இப்படிப் பிரித்து எழுதியதுமே, கண்டது என்ற கட்டத்தில் ஒரே ஒரு வரி இருப்பது தெரிந்துவிடும். மலையில் புகை தெரிந்தால் நெருப்பு உண்டு என்று ஊகிக்கலாம், ஆனால் தெரிவது புகையா பனியா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதை அந்தக் காலத்திலேயே பேசி வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் தவறான சர்வரை நோண்டிக்கொண்டிருப்பதிலிருந்து இது எங்களைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

டெஸ்ட் செய்வதும் இதே விஷயம்தான். சோதனையால் பிழை இருப்பதைக் காட்ட முடியும், இல்லை என்று காட்ட முடியாது என்பதைக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா அழுத்திச் சொன்னார். மாணவர்கள் இந்த வரியை மனப்பாடமாகச் சொல்வார்கள், ஆனால் எல்லாம் பச்சை விளக்கு காட்டினால் ‘சரியாக இருக்கிறது’ என்றுதான் எழுதுவார்கள். ‘நான் சோதித்த இந்த 40 நிலைகளில் தவறவில்லை’ என்று எழுதப் பழக்க வேண்டும். சொல் மாறும்போது அடுத்து எதைச் சோதிக்க வேண்டும் என்பதும் கண்ணில் படுகிறது.

இந்தப் பிரிவினை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனின் தபால் நிலைய வழக்குகளைவிடக் கசப்பான உதாரணம் எனக்குத் தெரியாது. ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் பணம் குறைகிறது என்று காட்டியது. 1999 முதல் 2015 வரை அதை வைத்துத் துணை அஞ்சலகங்களை நடத்தியவர்கள் மீது வழக்குகள் நடந்தன. 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் ஆக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் வீட்டை விற்றுக் கட்டினார்கள். கணினிச் சான்றைப் பயன்படுத்துகிறவர் அது ஒழுங்காக ஓடியது என்று காட்ட வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டத்தில் முன்பு ஒரு பிரிவு இருந்தது, அதை நீக்கும் சட்டம் 1999-இல் வந்தது. அதற்குப் பிறகு, வேறு சான்று இல்லாதவரை கணினி சரியாகவே ஓடியது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அந்த மென்பொருளில் உண்மையிலேயே பிழைகள் இருந்தன என்பதை 2019-இல் உயர் நீதிமன்றம் ஏற்றது. 2024-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அந்தத் தண்டனைகளை ரத்து செய்தது. திரையில் தெரிந்த எண்ணை எல்லோரும் காண்டலாக எடுத்துக்கொண்டார்கள். அது உரை, யாரோ எழுதிய நிரல் சொன்ன சொல். அதைச் சொல்லக்கூடிய நிலையில் இருந்தவர்கள் மென்பொருள்காரர்கள்தான்.

‘சரி’ என்றால் எதை வைத்துச் சரி என்பதற்கு 1960 அக்டோபர் 5-ஆம் தேதி கிரீன்லாந்தின் தூலே தளத்தில் நடந்ததைச் சொல்வேன். சோவியத் ஏவுகணைகளைக் கண்டுபிடிக்க அமெரிக்கா வைத்திருந்த ரேடார், பெரிய தாக்குதல் வருகிறது என்று எச்சரித்தது. ரேடார் பார்த்தது நிலா உதிப்பதை. சமிக்ஞை நிலாவில் பட்டுத் திரும்பியிருக்கிறது. அந்த நேரம் சோவியத் தலைவர் குருஷேவ் ஐ.நா. கூட்டத்துக்காக நியூயார்க்கில் இருந்தார் என்பது, இது தாக்குதலாக இருக்காது என்று அதிகாரிகள் நிதானிக்க உதவிய காரணங்களில் ஒன்று. பிரையன் கான்ட்வெல் ஸ்மித் என்ற கணினி அறிஞரும் தத்துவவாதியுமானவர் 1985-இல் எழுதிய கட்டுரை இந்தச் சம்பவத்தில்தான் தொடங்கும். ஒரு நிரல், அது என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்த விவரக்குறிப்போடு பொருந்துகிறதா என்று கணித முறையில் நிரூபிக்கலாம். அந்த விவரக்குறிப்பு உலகத்தோடு பொருந்துகிறதா என்பதை அந்த நிரூபணம் தொடவே தொடாது. விவரக்குறிப்பில் நிலா இல்லை. என் ஆஸ்பத்திரி விதியில் மளிகைக்கடைக்காரரின் போன் இல்லாதது போல.

இன்னொரு கருத்தையும் விட முடியாது. டென்மார்க்கின் பீட்டர் நவூர், கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதை 2005-இல் பெற்றவர், நிரல் எழுதுவது என்பது அடிப்படையில் ஒரு புரிதலைக் கட்டி எழுப்புவது என்று 1985-இல் எழுதினார். கில்பர்ட் ரைல் என்ற தத்துவவாதி அறிவைப் பற்றிச் சொன்னதை எடுத்துக்கொண்டுதான் அவர் வாதிடுகிறார். கோடும் ஆவணமும் அந்தப் புரிதலின் மிச்சங்கள். புரிதல் எழுதியவர்களின் தலையில் இருக்கிறது, அவர்கள் கலைந்து போனால் கோடு ஓடிக்கொண்டிருந்தாலும் நிரல் செத்த மாதிரிதான் என்கிறார். அவர் சொல்வதற்கு ஏரியான் 5 ராக்கெட் பொருத்தமான சாட்சி என்று நான் நினைக்கிறேன். 1996 ஜூன் 4-ஆம் தேதி புறப்பட்ட அந்த ராக்கெட் சுமார் 40 விநாடியில் சிதறியது. அதற்கு முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4-க்கு எழுதிய கோடை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டில் அடைக்கும்போது அது கொள்ளவில்லை. அந்த எண் அவ்வளவு பெரிதாகாது என்று முன்பு யோசித்துத்தான் பாதுகாப்பு வைக்காமல் விட்டிருந்தார்கள், ஏரியான் 4-இன் பாதைக்கு அது உண்மையும்கூட. கோடு புது ராக்கெட்டுக்கு மாறியது, அந்தக் காரணம் அதோடு சேர்ந்து வரவில்லை. கூடவே இருந்த மாற்றுக் கருவியும் அதே கோடு என்பதால் அதே இடத்தில் விழுந்தது.

சரி, இதையெல்லாம் எப்படிக் கற்றுக்கொடுப்பது? தனித் தாள் வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஐந்து அலகு, இரண்டு மதிப்பெண் வினாவுக்கு வரையறை, பதினாறு மதிப்பெண் வினாவுக்குக் கட்டுரை. பயிற்சிக்கு வருகிறவர்களில் தொழில் நெறி என்று ஒரு தாள் எழுதித் தேறியவர்கள் நிறைய பேர். அதில் படித்தது எதையும் கோட் எழுதும்போது நினைத்ததில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். அது அவர்கள் தப்பில்லை. ஆகவே ஆய்வக வேலைக்குள்ளேயே இதை வையுங்கள் என்பேன். புராஜெக்ட் கொடுக்கும்போது கோடோடு ஒரு பக்கக் குறிப்பும் கேளுங்கள். எந்தெந்தச் சொல்லுக்கு என்ன பொருள் வைத்தாய், வேறு எப்படி வைத்திருக்கலாம், உன் விதிக்குள் அடங்காத ஓர் ஆளைக் காட்டு. மதிப்பெண்ணில் கால்வாசியாவது இதற்குப் போகட்டும். அடுத்த பருவத்தில் அதே கோடை வேறு குழுவிடம் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். நவூர் சொன்னது என்னவென்று அப்போது அவர்களுக்குத் தானாகப் புரியும். தத்துவத் துறை பக்கத்தில் இருந்தால், அங்கிருந்து ஒருவரை ஆய்வகத்துக்கே அழைத்துவந்து, மாணவர்களின் டேட்டாபேஸ் அட்டவணைகளைப் பார்த்துக் கேள்வி கேட்கச் சொல்லலாம். அவரை மேடையில் ஏற்றிச் சொற்பொழிவாற்ற வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எதில் எனக்கு உறுதி, எதில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மென்பொருளுக்குள் இப்படிப்பட்ட முடிவுகள் புதைந்திருக்கின்றன, சோதனையால் மட்டும் அவற்றைக் கண்டுபிடிக்க முடியாது, இவை இரண்டிலும் எனக்குச் சந்தேகமே இல்லை. அவற்றைக் கவனிக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்க முடியும் என்பது நான் பயிற்சி கொடுத்தவர்களிடம் பார்த்தது. ஆனால் அவர்கள் என்னோடு வேலை செய்ததாலேயே அப்படி ஆனார்களா, பயிற்சியால் ஆனார்களா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. என் தாளிலேயே அது கருதல் கட்டத்தில்தான் போகும். தத்துவம் படித்தவர் வேகமாக எழுதுவார் என்று சொல்ல மாட்டேன். முதல் ஒரு வருடம் மெதுவாகத்தான் எழுதுவார். வளாக நேர்காணலில் இதையெல்லாம் யாரும் கேட்கப் போவதில்லை, அந்தக் கவலை நியாயமானது. வீட்டில் கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளைக்கு முதல் வேலை கிடைப்பது முக்கியம். அதனால்தான் வேறு பாடத்தின் நேரத்தை எடுக்காமல், இருக்கும் ஆய்வக நேரத்துக்குள் செய்யுங்கள் என்கிறேன்.

முதல் ஆண்டில் இது வேண்டாம். லூப் எழுதவே தடுமாறுகிறவரிடம் ‘எழுத்து என்றால் என்ன’ என்று கேட்டால் பயந்துவிடுவார். சொந்தமாக ஏதாவது ஒன்றைக் கட்டி, அது ஒருமுறை உடைந்த பிறகுதான் கேள்வி உள்ளே போகும். இன்னொரு அபாயமும் உண்டு. சிலருக்கு இந்தப் பேச்சு ருசித்துப் போய், எல்லாவற்றுக்கும் பொருள் கேட்டுக்கொண்டு ஒரு வரிகூட எழுதாமல் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களிடம் ஏதாவது ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, காரணத்தை எழுதி வைத்துவிட்டு வேலையை முடி என்பேன்.

நீங்கள் மூன்றாம் ஆண்டைத்தான் கேட்டிருக்கிறீர்கள், அது சரியான இடம். தாள் பற்றிய முடிவு பாடத்திட்டக் குழுவில் எப்படியும் இழுக்கும். அதுவரை காத்திருக்காமல் வருகிற வாரம் ஒரு ஆய்வக மணியில் ‘தமிழ்’ என்று போர்டில் எழுதி எத்தனை எழுத்து என்று கேளுங்கள். 3, 5, 15 மூன்றும் போர்டில் வந்த பிறகு, அவரவர் புராஜெக்டைத் திறந்து பெயர் என்ற நெடுவரிசைக்கு என்ன வரம்பு வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள்.